அமைதி எப்போது வந்தது? கிரஹாம் ராபின் பிரான்ஸும் சைக்கிள்காரரின் கண்ணும்

பிரான்ஸின் கிராமப்புறத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஒரு சொல் தப்பாமல் வந்துவிடும்: அமைதி. பயணக் கட்டுரை, சுற்றுலா விளம்பரம், யூடியூப் வீடியோ, எதுவானாலும் இதே கதைதான். ஆள் நடமாட்டம் இல்லாத சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், ஒரு மேடு ஏறி இறங்கினால் கல் வீடுகள், நடுவில் தேவாலயம், மூடிக்கிடக்கும் ஜன்னல்கள். அதற்குக் கீழே “இங்கே காலம் உறைந்துவிட்டது” என்று ஒரு வரி. அப்புறம் சீஸ், ஒயின்.

சரி, அந்த ஜன்னல்கள் ஏன் மூடியிருக்கின்றன? ஆட்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வியோடு படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால் நான் கிரஹாம் ராபின் ‘தி டிஸ்கவரி ஆஃப் பிரான்ஸ்’ (2007) நூலைத்தான் சொல்வேன். எனக்குப் பிடித்த புத்தகம். ஆனால் கேள்விக்கு அது பாதி பதில்தான் தருகிறது. மீதிப் பாதி இல்லாததால், படிக்கிறவர் நேர் எதிரான முடிவோடு புத்தகத்தை மூடிவைக்கவும் கூடும். அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சீட்டில் உட்கார்ந்து செய்த ஆய்வு

ராப் பிரிட்டிஷ் எழுத்தாளர், பிரெஞ்சு இலக்கிய ஆய்வாளர். பால்சாக் (1994), விக்தோர் ஹ்யூகோ (1997), ரேம்போ (2000) என்று மூவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதியவர். பிரான்ஸைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய பிறகு, தனக்குத் தெரிந்த நாடு பெரும்பாலும் பாரிஸும் புத்தகங்களும்தான் என்பது அவருக்கு உறைக்கிறது. சைக்கிளை எடுக்கிறார். முன்னுரையிலேயே கணக்கும் கொடுத்துவிடுகிறார்: 14,000 மைல் சைக்கிளில், நான்கு வருஷம் நூலகத்தில். கிட்டத்தட்ட 22,500 கிலோமீட்டர்.

ஏன் சைக்கிள் என்பதற்கு அவர் சொல்லும் காரணங்கள் வெறும் ரசனை சார்ந்தவை அல்ல. சைக்கிளில் போகிறவனுக்கு நிலத்தின் ஏற்ற இறக்கம் தொடைத் தசையில் பதிகிறது. காரில் போனால் ஒரே சமவெளியாகத் தெரியும் இடம் சைக்கிளில் இரண்டு பள்ளத்தாக்காகப் பிரிந்து நிற்கும். பெரிய சாலையைத் தவிர்த்துத் தவிர்த்துப் போகும்போது, தெரியாமலேயே பழைய பாதைகளில் ஏறிவிடுகிறோம்: ஆட்டு மந்தைகள் மலைக்குப் போன வழி, யாத்ரீகர்கள் போன வழி, ரோமானியர் காலத்து வணிகப் பாதை. வழியில் பேச்சுத்துணைக்கும் ஆள் கிடைப்பார்கள். நாயும் துரத்தும்.

அதாவது அவருக்கு சைக்கிள் ஓர் ஆய்வுக் கருவி. இது புதிய யோசனை என்று சொல்ல முடியாது. சேன்-எத்தியேன் நகரத்து போல் தெ விவி (1853–1930), ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் 1887-இல் தொடங்கிய பத்திரிகையில் இந்த மாதிரி சைக்கிள் பயணத்துக்காகத்தான் ஆயுள் முழுக்க வாதாடினார். மலையேற கியர் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸோ 1937 வரை டிரெய்லர் கியரை அனுமதிக்கவில்லை. நிலத்தோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது ஒரு மரபு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே போவது இன்னொரு மரபு. ராப் இரண்டாவது மரபில் வருகிறவர்.

அவர் கண்ட பிரான்ஸ்

புத்தகம் ஒரு கொலையோடு ஆரம்பிக்கிறது. 1740-களில், கசினி வரைபடத்துக்காக நிலம் அளக்க வந்த இளைஞன் ஒருவனை மெசாங்க் மலையடிவாரத்து லே ஸெஸ்தாப்ல் கிராமத்து ஜனங்கள் வெட்டிக் கொன்றார்கள் என்கிறார் ராப். வெளியூர்க்காரன், கையில் புரியாத கருவி, எதையோ குறிபார்க்கிறான். சூனியக்காரன் என்ற பயம். பாரிஸில் தத்துவவாதிகள் அறிவொளி பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே காலம் இது.

அடுத்தது மொழி. புரட்சிக் காலத்தில் கிரேகுவார் பாதிரியார் நாடு முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பி, 1794-இல் அறிக்கை கொடுத்தார். சுமார் 2.8 கோடி ஜனத்தொகையில் பிரெஞ்சைச் சரியாகப் பேசுகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல் இல்லை, குறைந்தது 60 லட்சம் பேருக்கு அந்த மொழி தெரியவே தெரியாது என்பது அவர் கணக்கு. ஒக்ஸித்தான், பிரெத்தோன், பாஸ்க், அல்சேஸ் பகுதியின் ஜெர்மன் என்று ஊருக்கு ஒரு பேச்சு. இவ்வளவு மொழிகளை வைத்துக்கொண்டு ‘ஒரே மொழி, ஒரே நாடு’ என்று ஒன்றை எப்படிக் கட்டினார்கள் என்ற கதை நமக்கும் படிக்க வேண்டியதுதான்.

ராபின் மையமான வாதம் இது: பிரான்ஸ் என்ற நாடு எப்போதும் இருந்த ஒன்றல்ல. பாரிஸ் தன் சொந்த உள்நாட்டையே ஒரு காலனியைப் பிடிப்பதுபோலப் பிடித்தது. யூஜென் வெபர் 1976-இல் ‘பெசன்ட்ஸ் இன்டு பிரெஞ்ச்மென்’ நூலில் இதற்கு நெருக்கமான வாதத்தை வைத்துவிட்டார்: சாலை, ரயில், பள்ளிக்கூடம், ராணுவ சேவை ஆகியவைதான் 1870-க்கும் 1914-க்கும் இடையில் விவசாயியைப் பிரெஞ்சுக்காரன் ஆக்கின என்று. வெபர் ஆவணத்தை அடுக்கி வாதாடுகிறார். ராப் கதை சொல்லிக்கொண்டே போகிறார். படிக்க ராப்தான் சுவாரஸ்யம், சந்தேகமே இல்லை.

அந்த சுவாரஸ்யத்தில்தான் முதல் சிக்கல். ராபின் கிராமத்து மனிதர்கள் பெரும்பாலும் விசித்திரமாகவே வருகிறார்கள். பொய்க்கால் கட்டி மந்தை மேய்க்கிறார்கள், குளிர்காலம் முழுக்கப் படுத்தே கிடக்கிறார்கள், நாய்களை வைத்துக் கடத்தல் செய்கிறார்கள். இவை இட்டுக்கட்டியவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதையெல்லாம் எழுதிவைத்தது யார்? அதிகாரி, பயணி, பாதிரியார், மருத்துவர். எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள், வித்தியாசமாகத் தெரிந்ததைக் குறித்துக்கொண்டவர்கள். ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடந்த வேலையை எவரும் குறித்துவைக்கவில்லை. காலனிய ஆட்சியின் கெஜட்டியர்களைப் புரட்டிய நமக்கு இந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பாரிஸ் தன் நாட்டைக் காலனியாக்கியது என்று குற்றம் சாட்டும் புத்தகம், அந்தக் காலனி அதிகாரியின் குறிப்பேட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது.

1914-இல் நின்றுவிடும் சைக்கிள்

இரண்டாவது சிக்கல்தான் எனக்கு முக்கியம். நூலின் துணைத் தலைப்பிலேயே எல்லை போட்டாகிவிட்டது: புரட்சியிலிருந்து முதல் உலகப் போர் வரை. எழுத்தாளருக்கு எல்லை போட உரிமை உண்டு, அதில் தகராறு இல்லை. ஆனால் சைக்கிள் ஓடுவது இருபதாம் நூற்றாண்டின் கடைசியில், இருபத்தொன்றின் தொடக்கத்தில். கதை முடிவதோ 1914-இல். நடுவில் எண்பது, தொண்ணூறு வருஷம் காணோம். அதனால் என்ன ஆகிறது? ராப் இன்று சைக்கிளில் கடக்கும் வெறிச்சோடிய சாலையும், அன்று லே ஸெஸ்தாப்ல் ஊரில் இருந்த தனிமையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்றைய அமைதி அன்றைய தனிமையின் மிச்சம் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்கிறார்.

உண்மை வேறு. தனிமையாக இருந்த காலத்தில் அந்த ஊர்கள் அமைதியாக இல்லை. ஜனங்கள் நிரம்பி வழிந்தார்கள்.

க்ரூஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். சைக்கிள்காரர்கள் ‘பிரான்ஸின் மறைந்திருக்கும் ரத்தினம்’ என்ற ரகத்தில் எழுதித் தள்ளும் பகுதி இது. 1851-இல் அங்கே சுமார் 2,87,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 1,15,000. பாதிக்கும் கீழே. 1851-இல் ஒருவர் சைக்கிளில் போயிருந்தால் (அப்போது சைக்கிளே இல்லை, சும்மா ஒரு பேச்சுக்கு) ஒவ்வொரு வளைவிலும் ஆளும் மாடும் வண்டியும் குறுக்கே வந்திருக்கும்.

அப்போதும்கூட அது உலகத்தோடு ஒட்டாத இடம் என்று சொல்லிவிட முடியாது. வசந்தம் பிறந்ததும் க்ரூஸின் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பாரிஸுக்குக் கொத்தனார் வேலைக்கு நடந்தே போனார்கள், குளிர்காலத்தில் திரும்பினார்கள். மர்தேன் நதோ 1830-இல் பதினாலு வயதில் அப்பாவோடு அப்படி நடந்து போனவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார், தன் வாழ்க்கையை எழுதியும் வைத்தார். ராப் இடம்பெயர்ந்த தொழிலாளர்களைப் பற்றி எழுதாமல் இல்லை. நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் போய்த் திரும்பியவர்கள் ஒரு கட்டத்தில் திரும்பாமலே இருந்துவிட்டார்கள் என்ற கதை அவர் போட்ட எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

அடுத்து போர். 1914-க்கும் 1918-க்கும் இடையில் பிரான்ஸ் சுமார் 14 லட்சம் ராணுவத்தினரை இழந்தது. பிரான்ஸில் மிகச் சின்ன ஊருக்கும் தனி மேயர் உண்டு, அந்த அலகுக்குப் பெயர் கொம்யூன். (புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். வில்லியனூர், அரியாங்குப்பம் எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துதான்.) சுமார் 35,000 கொம்யூன்களில் மிகப் பெரும்பாலானவற்றில் போரில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுத் தூண் நிற்கிறது. அதே க்ரூஸில் ழாந்தியூ என்ற ஊரின் தூண் கொஞ்சம் வித்தியாசம். பள்ளிச் சீருடையும் மரக்காலணியும் போட்ட ஓர் அனாதைப் பையன், ஒரு கையில் தொப்பி, மறு கையை முஷ்டி மடக்கி உயர்த்தியிருக்கிறான். அவன் கை நீளும் இடத்தில் எழுதியிருப்பது: “போர் நாசமாகப் போகட்டும்.” 1922-இல் வைத்த சிலை. வெற்றி, வீரம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அரசாங்கத் தரப்பில் பல பத்தாண்டுகள் அதைத் திறந்துவைக்கவே யாரும் வரவில்லை.

அந்தத் தூணில் இருக்கும் பெயர்களையும் சுற்றியிருக்கும் வீடுகளையும் எண்ணிப் பார்த்தால் போதும், அமைதியின் தேதி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். போருக்குப் பிறகு டிராக்டர், சிறு நிலங்களின் இணைப்பு, நகரத்துத் தொழிற்சாலை என்று மீதியும் காலியானது. ஜன்னல்கள் பல மூடியிருப்பதற்குக் காரணம், அந்த வீடு இப்போது நகரத்துக்காரர் ஒருவரின் கோடை விடுமுறை வீடு.

சாலையும் அப்படித்தான். ‘பழமையான கிராமத்துப் பாதை’ என்று நாம் உருகும் சின்னச் சாலைகள் பலவற்றின் பின்னால் இருப்பது 1836-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று. ஊருக்கு ஊர் இணைப்புச் சாலை போட்டுப் பராமரிப்பது கொம்யூனின் கடமை, ஊர்க்காரர்கள் வருஷத்துக்குச் சில நாள் உழைப்பாகவோ பணமாகவோ கொடுக்க வேண்டும் என்றது அது. இன்று பிரான்ஸில் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையும் அதிவேகச் சாலையும் அதில் மிகச் சின்னப் பங்கு. மீதியெல்லாம் மாவட்டத்துடையது, கொம்யூனுடையது. சைக்கிள்காரரின் சொர்க்கத்தைப் போட்டது இயற்கை அல்ல, ஜனங்கள் நிரம்பியிருந்த கிராமங்களின் உழைப்பு. ஜனங்கள் போய்விட்டார்கள், சாலை இருக்கிறது. அதனால்தான் அது காலியாக இருக்கிறது.

கார் தொந்தரவே இல்லாத பசுமைப் பாதைகளை இன்னும் நேரடியான உதாரணமாகச் சொல்லலாம். பர்கண்டியில் ழிவ்ரிக்கும் க்ளுனிக்கும் நடுவே 1997-இல் திறந்த பாதைதான் நாட்டில் முதலாவது என்பார்கள். ஏற்றமே தெரியாது, குழந்தைகளும் ஓட்டலாம். ஏன் என்றால் அது மூடப்பட்ட ரயில் தடம். ரயில் இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதற்காகச் சீராக வெட்டிய வழி. அங்கே கேட்கும் அமைதி, நின்றுபோன ஒரு ரயிலின் அமைதி.

ஹெலிகாப்டரும் நீல வழிகாட்டியும்

ராபைவிட மோசமாக இந்த மயக்கத்தைப் பரப்புவது டூர் டி பிரான்ஸின் டிவி ஒளிபரப்பு. போட்டி மந்தமாகப் போகும் மத்தியான நேரத்தில் ஹெலிகாப்டர் கேமரா கோட்டைக்கும் மடாலயத்துக்கும் மேலே வட்டமடிக்கும். சரித்திரம் சொல்வதற்கென்றே பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தனி வர்ணனையாளர் உண்டு. எந்த நூற்றாண்டு, எந்தப் பிரபு என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கோட்டை வந்துவிடும்.

ரோலான் பார்த்தின் ‘மித்தோலொஜி’ (1957) நூலில் இரண்டு கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்று டூர் டி பிரான்ஸை இதிகாசமாகப் பார்ப்பது. மலைகளெல்லாம் அதில் பாத்திரங்கள், வாந்தூ மலை பலி கேட்கும் தீய தெய்வம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். இன்னொன்று ‘நீல வழிகாட்டி’ என்ற சுற்றுலாக் கையேட்டைப் பற்றியது. அந்தக் கையேட்டுக்கு மலை, கணவாய் என்று மேடு பள்ளமான நிலம் மட்டும்தான் அழகு, சின்னங்கள் மட்டும்தான் வரலாறு, நிகழ்காலத்தில் வாழும் மனிதர்கள் அதில் காணாமல் போகிறார்கள் என்கிறார் பார்த். அவர் எடுத்துக்கொண்டது ஸ்பெயின் பற்றிய கையேடு. ஆனால் இந்த இரண்டாவது கட்டுரையைத்தான் இன்றைய டூர் ஒளிபரப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஹெலிகாப்டர்தான் இப்போதைய நீல வழிகாட்டி.

வேடிக்கை என்னவென்றால், கிராமத்துக்காரர்களுக்கும் இது தெரியும். விவசாயிகள் டிராக்டரையும் வைக்கோல் கட்டுகளையும் வைத்து வயலில் பிரம்மாண்டமான சைக்கிள் உருவங்களை உண்டாக்குகிறார்கள். மேலே இருந்து பார்த்தால்தான் அது படம். நாங்களும் இங்கே இருக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது.

ஆட்கள் இருந்த கிராமம்

காலியாவதற்கு முந்தைய கிராமத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ழாக் தாத்தியின் ‘ழூர் தெ ஃபெத்’ (1949) படத்தைப் பாருங்கள். 1947 கோடையில் சாந்த்-செவேர்-சுர்-ஆந்த்ர் என்ற ஊரில் எடுத்தது. க்ரூஸ் எல்லைக்குப் பக்கம்தான். ஊர்த் திருவிழாவில் அமெரிக்கத் தபால் சேவை பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பிரான்சுவா என்ற தபால்காரர் தானும் அதேபோல வேகமாகத் தபால் கொடுக்கக் கிளம்பிவிடுகிறார், தன் பழைய சைக்கிளில். சிரிப்புப் படம்தான். ஆனால் ஒரு ஃபிரேமில் எத்தனை பேர் என்று பாருங்கள்: ரொட்டிக்கடைக்காரர், கொல்லர், ஆட்டை இழுத்துக்கொண்டு கூன் விழுந்த கிழவி, எங்கு பார்த்தாலும் குழந்தைகள். சைக்கிள் அங்கே வேலைக்கான வண்டி. கடைசியில் பிரான்சுவா தபால் பையை விட்டுவிட்டு வைக்கோல் அள்ளப் போய்விடுகிறார், பையை ஒரு பையன் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இன்று அந்த ஊரில் ஆயிரம் பேர்கூட இல்லை. படத்தை நினைவுபடுத்த ஒரு காட்சியகம் இருக்கிறது.

காலம் உண்மையிலேயே நின்றுபோன ஊர் ஒன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. லிமூஸேன் பகுதியின் ஒராதூர்-சுர்-க்லான். 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் எஸ்.எஸ். படை அங்கே 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரைக் கொளுத்தியது. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் ஊரைக் கடந்துபோன வெளியூர்க்காரர்கள் சிலரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். இடிபாடுகளை அப்படியே விட்டுவைத்து, பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள். துருப்பிடித்த தையல் மெஷின்களும் ஒரு காரும் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. “இங்கே காலம் உறைந்துவிட்டது” என்ற வரியை விளையாட்டாக எழுதுகிறவர்கள் இந்த ஊரை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதலாம்.

மற்ற அழகான ஊர்கள் எல்லாம் காலத்துக்குள்தான் இருக்கின்றன. செங்கல்லால் கட்டியதோ என்று தோன்றும் சிவப்பு மணற்கல் ஊரான கொலோஞ்-லா-ரூஜின் மேயர் எடுத்த முயற்சியில் 1982-இல் ‘பிரான்ஸின் மிக அழகிய கிராமங்கள்’ சங்கம் தொடங்கியது. சேர வேண்டுமானால் மக்கள் தொகை 2,000-க்கு மேல் இருக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடமோ சின்னமோ குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஊராட்சி மன்றம் தீர்மானம் போட வேண்டும். காலியாகிக்கொண்டிருந்த ஊர்கள் பிழைக்கக் கண்டுபிடித்த வழி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரொட்டிக்கடையும் பள்ளிக்கூடமும் திறந்திருக்க யாராவது வந்தாக வேண்டுமே. ஆனால் ஜனத்தொகை குறைவாக இருப்பதே ஒரு தகுதியாகிவிட்டதைக் கவனிக்காமலும் இருக்க முடியாது.

அப்படியானால் ராபின் புத்தகம்? தாராளமாகப் படியுங்கள். கிராமம் என்பது ஆதிகாலத்திலிருந்து அசையாமல் கிடக்கும் ஒன்று என்ற நம்பிக்கையை உடைப்பதில் அதற்கு நிகராக நான் படித்தது குறைவு. சைக்கிளை வைத்து வரலாறு எழுதலாம் என்று காட்டியதற்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். 1914-க்குப் பிறகான அத்தியாயம் ஊர் நடுவில் நினைவுத் தூணிலும், மூடிய ரயில் நிலையத்திலும், ‘பழைய பள்ளிக்கூடம்’ என்று பெயர் மாறிய விடுமுறை வீட்டிலும் இருக்கிறது. அதைப் படிக்கச் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்கும். பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.